ப்ளாஸம் கடிக்க மாட்டாள்

"இவ கடிக்கவே மாட்டா" என்று வில்ஃப்ரட் ஹெப்பிள் மறுபடியும் சொன்னபோது, அவருடைய கட்டைவிரல் அவள் வாய்க்குள் இருந்தது.

யார்க்ஷயரில், வாடகைத் தோட்டக்காரர்கள் சங்கத்தின் தகரக் கொட்டகை நிரம்பி வழிந்தது. தோட்டத்தில் ஃபெரெட் வளர்க்கலாமா, கூடாதா என்று இன்று ஓட்டு. கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி போல நீளமாக இருக்கும் பிராணி அது. நாற்றம் பிடித்தது, கடிக்கும், எலி ஜாதி என்று ஊர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோன வில்ஃப்ரட், தானே அதன் சார்பில் பேச முன்வந்திருந்தார். தோற்றால் தன் ஃபெரெட் ப்ளாஸத்தை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். மனைவி போனபின் அவர் பேசுவதைக் கேட்க இருந்தது அவள் ஒருத்திதான்.

மேடையில் வயசு தெரியக் கூடாதென்று கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு, தோட்டத்துக் கூண்டில் சுருண்டு கிடந்தவளை வைக்கோலோடு அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"விரலை விடுற மாதிரி தெரியலையே வில்ஃப்" என்றார் தலைவர் காக்ரோஜர்.

"முத்தம் குடுக்குறா."

"ரத்தம் வருதேப்பா."

"கொஞ்சம் பாசம் ஜாஸ்தி."

ஒருவழியாக விரல் விடுபட்டது. முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொண்டது.

"இது என்ன வாடை?"

"அதெல்லாம் வீண்பழிங்க!" என்று வில்ஃப்ரட் பையிலிருந்த லாவெண்டர் தண்ணீரை அவள்மேல் தாராளமாகத் தெளித்தார். அவள் தும்மினாள். அதுவரை நாகரிகம் கருதி அடக்கி வைத்திருந்ததையும் சேர்த்து வெளியே விட்டாள். இரண்டு பேர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்கள். ஒருவர் ஜன்னல் வழியாகவே போய்விட்டார்.

"கூட்டத்தைப் பாத்துப் பயந்துட்டா. தோள்ல போட்டா கொழந்த மாதிரி தூங்கிடுவா."

தோளில் போட்டார். அவள் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வாயில்லா ஜீவனை மூர்க்கம்னு... ஆ! மூர்க்கம்னு சொல்றவங்க... ஐயோ! பழகிப் பாத்ததே இல்ல!"

"நாங்க இப்ப பாத்துக்கிட்டுதான இருக்கோம்!" என்றது பின்வரிசை.

இத்தனை வருஷம் விரல் நுனியைக்கூடப் பதம் பார்க்காதவள், இன்று ஊரே பார்க்க மானத்தை வாங்குகிறாளே! வலியைவிட அதுதான் வில்ஃப்ரட்டுக்குத் தாங்கவில்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் பல்லைத்தான் உபயோகித்துக்கொண்டிருந்தாள்.

"போதும்ப்பா" என்றார் காக்ரோஜர். "ஃபெரெட் வேண்டாங்கறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கையும் உயர்ந்தது. காதிலிருந்து அவளைப் பிய்த்தெடுக்க வில்ஃப்ரட் தூக்கிய கையும் அதில் சேர்ந்துகொண்டது.

"ஒருமனதா நிறைவேறிடுச்சு. வில்ஃபே நம்ம பக்கம்தான்!"

அப்போது கதவு திறந்தது. ஃபெரெட்டுக்கு எதிராக முதல் புகார் கொடுத்த பக்கத்துத் தோட்டத்துச் சக்டன் அம்மாள், மூச்சு வாங்க நின்றார். கம்பளிச் சட்டைக்குள் எதையோ அணைத்துப் பிடித்திருந்தார்.

"வில்ஃப்ரட், நான் குடுத்த புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். உங்க ப்ளாஸம் விடிஞ்சதிலேருந்து என் மடியிலதான் தூங்குறா, தங்கமான பொண்ணு. அது சரி, உங்க காதுல தொங்குதே, அந்தக் காட்டு ஜந்து யாரோடது?"