பொன்னுருக்க வைச்சிருந்த பவுணை நான் வெட்டினது பற்றி

ஸ்காபரோ,
ஆவணி 1997.

மதிப்புக்குரிய சிவபாதம் மாமாவுக்கு,

மருமகன் கஜீவன் எழுதிறது. நாங்கள் இஞ்சை சுகமில்லை. நீங்கள் மிசிசாகாவில சுகமெண்டா அதுவும் எனக்குப் பிடிக்கேல்லை, குறை நினைக்காதேங்கோ.

விசயம் என்னெண்டா, நிதுசன் அண்ணான்ர தாலிக்கு உருக்கச் சொல்லி நீங்கள் ஊரில வைச்சு அம்மாட்டைக் குடுத்த பவுண் காசை நான் உளியால வெட்டிப்போட்டன். கிழிக்காமல் வாசியுங்கோ மாமா! இன்ரர்நெற்றில பழைய கிரேக்கக் காசுகளுக்கெண்டே ஒரு நியூஸ்குறூப் இருக்கு, ஒரு வருசமா என்ர சீவியம் அதுக்குள்ளதான். அதென்ஸ் சந்தையில காசு வியாபாரியள் மேசை போட்டு இருப்பினமாம், காசு மாத்திறது, வைப்புக்கு எடுக்கிறது, கடன் குடுக்கிறது எல்லாம் அந்த மேசையில, அதுதான் அவையின்ர பாங்க்! அவைக்கு நடுவில காசு சோதிக்க அரசாங்கத்தின்ர அடிமை ஒருத்தன். உள்ளுக்குச் செம்பெண்டால் அந்த இடத்திலயே குறுக்கால வெட்டி, கடவுள்களின்ர தாய்க்குக் காணிக்கை. சட்டம்! இதை வாசிச்ச கை சும்மா இருக்குமோ? வெள்ளிக்கிழமை பொன்னுருக்கல், பொம்பிளை வீட்டுக்காரர் பிக்கரிங்கில இருந்து வந்து பாத்துக்கொண்டு நிக்கப் பத்தர் அதை உருக்குவார், அதுக்கு முன்னம் ஒருக்கா சோதிப்பமெண்டு சாப்பாட்டு மேசையில வைச்சு ஒரு போடு. உள்ளுக்குச் செம்பு மாமா. சிவப்புச் செம்பு.

"தாலிப்பொன்னை வெட்டின தரித்திரமே" எண்டு அண்ணா பெல்ற்றைக் கழட்டினவன். "செம்படா, மாமா எங்களை ஏமாத்திப்போட்டார்" எண்டு கத்தினன். "வாயை மூடு, அவைக்குக் கேட்டால் கலியாணம் நிண்டிடும்" எண்டு இன்னும் ரெண்டு. அதென்ஸில சோதிக்கிறவன் வேலை செய்யாட்டித்தான் கசையடி. இஞ்சை செய்ததுக்கு விழுகுது! அம்மாவிட்டைத் திரும்பி, "உங்கட அண்ணைதானே, கேளுங்கோவன்" எண்டன். மடிச்ச துவாயையே திருப்பி மடிச்சா.

நியூஸ்குறூப்பில எழுதிப்போட, ஒஷாவாவில இருந்து ஒருத்தன், "அவசரப்படாதை, சண்டைக் காலத்தில அதென்ஸே அம்மன் சிலையளின்ர தங்கத்தை உருக்கிப்போட்டு, செம்புக்கு வெள்ளி பூசி விட்டது. எல்லாக் கள்ளக்காசும் கள்ளன் அடிச்சதில்லை" எண்டு பதில் போட்டான். எனக்கு ஏறேல்லை. சட்டப்படி ரெண்டு துண்டையும் அம்மன் கோயில் உண்டியலுக்குள்ள போட்டிட்டு வந்தன். பிறகுதான் விளங்கிச்சுது, இப்ப சாட்சியும் போச்சு.

ஆனபடியால் மாமா, மரியாதையா வெள்ளிக்கிழமைக்கு முன்னம் ஒரு நல்ல பவுணோட வாங்கோ. வராட்டி சபையில எழும்பி நானே சொல்லுவன்.

மாமிக்கும் சுபாங்கி மச்சாளுக்கும் என்ர அன்பு. உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் வெக்கமும் கிடைக்க அம்மனை வேண்டிற,

மருமகன்
கஜீவன்

பி.கு.: முத்திரை கேட்கப் போன இடத்தில அம்மா கடிதத்தை வாங்கி வாசிச்சா. "அண்ணை தந்தது சோக்கான பவுணடா. உன்னை வெளிநாட்டுக்கு அனுப்ப எல்லாத்தையும் வித்தும் ஏஜென்சிக்காரனுக்குக் காணேல்லை, கடைசியா அதையும் குடுத்தனான். அவருக்குத் தெரியக்கூடாதெண்டு செம்பில ஒண்டு செய்விச்சனான். புதுசு வாங்கத்தான் இவ்வளவு ஓவர்ரைம், இன்னும் காணாது" எண்டா. நான் கடிதத்தைக் கிழிக்கப் போனன். கையைப் பிடிச்சிட்டா. "அனுப்பு. எனக்கு வாயால சொல்ல ஏலாது."

அதாலதான் வருது, மாமா. வெறுங்கையோட எண்டாலும் வாங்கோ. உங்கட பவுணுக்குப் பதிலா வந்தது நான்தான். வெள்ளிக்கிழமை உருக்கிறதெண்டால் என்னைத்தான் உருக்கவேணும்.