நூற்றுப் பதினெட்டுப் பார்வையாளர்கள்

முன் அறையில் சுழல் நாற்காலி போட்டு உட்கார்ந்தே தீருவது என்று டேப்காரர் முடிவெடுத்துவிட்டார். நாற்காலி வந்துவிட்டது. அறைதான் இன்னும் வரவில்லை.

ஜன்னல் திரையும் சோபா உறையும் தைத்துக் கொடுப்பது அவர்கள் குடும்பத் தொழில். வீடு வீடாகப் போய் அளவெடுப்பதும், தைத்ததைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பதும் அவர் பங்கு. எந்நேரமும் கழுத்தில் அளவு டேப் தொங்கியதால் தெருவே அவரை அப்படிக் கூப்பிட்டது. தைப்பது மனைவி. அவள் தைக்கும் பின் அறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். "ஆண்டவனே, கண்ணை மட்டும் காப்பாத்திக் குடு" என்று தினமும் காலையில் கைகூப்பிவிட்டுத்தான் மெஷினில் உட்காருவாள்.

"ஏங்க, முன் ரூம் ஜன்னல்கிட்ட மெஷினைப் போட்டா எனக்கு லைட்டே வேண்டாங்க."

"அப்ப ஆபீஸ்? வர்ற கஸ்டமர் எங்க உக்காருவாங்க?"

"யார் வர்றாங்க? நீங்கதானே அவங்க வீட்டுக்குப் போறீங்க?"

"இனிமே வருவாங்க பாரு. வெப்சைட் இருக்கில்ல!"

வெப்சைட்டைச் செய்து கொடுத்தது, வெளியூரில் வேலை பார்க்கும் மகள். முதல் மாதமே நானூறு பேர் அதை எட்டிப் பார்த்துவிட்டார்கள். தான் அச்சடித்துக் கொடுத்த அட்டையால்தான் நானூறும் வந்தது என்றார் அவர். தன் பிரார்த்தனைக் குழுவில் போட்ட செய்தியால் வந்தது என்றாள் மனைவி. பேச்சு முற்றி, சாம்பாரில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பது வரைக்கும் போய்விட்டது.

மகள் போனில் வந்து பஞ்சாயத்து பண்ணினாள்.

"எதுக்குச் சண்டை? யார் வழியா வர்றாங்கன்னு எண்ணிடலாம். கடை ஒண்ணுதான், ஆனா ரெண்டு வாசல் வச்சுத் தரேன். அப்பாவுக்கு ஒரு லிங்க், அம்மாவுக்கு ஒரு லிங்க். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், கடைசியில வால் மட்டும் மாறும். அப்பா வால்ல ஒண்ணாம் நம்பர், அம்மா வால்ல ரெண்டாம் நம்பர். எந்த வாசல்ல எத்தனை பேர் நுழைஞ்சாங்கன்னு எனக்கு இங்க தெரிஞ்சிடும்."

"நானே நூறு தடவை நுழைஞ்சா?" என்றார் அவர், சும்மா தெரிந்துகொள்வதற்காக.

"ஒரு போனுக்கு ஒரு தடவைதான்பா கணக்கு. இன்னொண்ணு, யாரையும் நேர்ல புடிச்சு வச்சு அமுக்கச் சொல்லக் கூடாது. அட்டை குடுக்கலாம், குழுவுல போடலாம், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். ஜெயிக்கிறவங்களுக்கு முன் ரூம்."

திங்கட்கிழமை சாயங்காலமே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகளுக்குப் போன் போட்டார்.

"உங்களுக்கு நாலு. அம்மாவுக்கு ஒம்போது. இனிமே நடுவுல கேட்டீங்கன்னா பத்து மார்க் குறைச்சிடுவேன்."

ஒன்பது! டேப்காரருக்கு நாற்காலி அப்படியே சுழன்றுகொண்டு வாசலைத் தாண்டிப் போவது போல இருந்தது. விதியாவது ஒன்றாவது. களத்தில் இறங்கிவிட வேண்டியதுதான்.

இறங்குவதில் ஒரே ஒரு சிக்கல். போனில் எழுத்துத் தெரியாது. கண்ணாடி போட்டால் தெரியும்; ஆனால் கண்ணாடி போட்டால் வயது தெரியும். அதனால் மனைவியிடமே போனை நீட்டினார்.

"இந்தா, பாப்பா ரெண்டு லிங்கும் அனுப்பினாளே, அதுல என்னோடதைக் கொஞ்சம் தேடாம கிடைக்கிற மாதிரி மேல எடுத்து வச்சுக் குடு."

"எதுக்குங்க?"

"சும்மாதான். அப்பப்ப பாத்துக்கலாமேன்னு."

அவள் அவரைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருடமாகப் பார்த்த முகம். சும்மா என்று அவர் சொன்ன எதுவும் சும்மாவாக இருந்ததில்லை. கையில் ஒட்டிய நூலைத் தட்டிவிட்டுப் போனை வாங்கினாள், இரண்டு தட்டுத் தட்டினாள், கொடுத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து ஊருக்கு நிம்மதி போயிற்று.

காலை ஆறரைக்கு நடைப்பயிற்சி போகிறவர்களோடு மூச்சிரைக்க ஓடினார். "நம்பர் சொல்லுங்க, ஒரு மெசேஜ் வரும், ஒரே ஒரு அமுக்கு!" முடிதிருத்தும் கடையில், முகமெல்லாம் நுரையோடு இருந்தவரின் விரலை இவரே பிடித்து அமுக்கினார். பல் டாக்டரின் காத்திருப்பு அறைதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் கன்னம் வீங்கியிருந்தது. யாராலும் வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

மருந்துக்கடைக்காரர்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தார்.

"அண்ணே, எங்க வீட்ல ஜன்னலே கிடையாதே."

"சோபா?"

"பாய்தான்."

"நாளைக்கே சோபா வாங்க மாட்டீங்களா? நல்ல வார்த்தை பேசுங்க. அமுக்குங்க!"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெயிலில் அலைந்து மூக்கு உரிந்திருந்தாலும் அவர் முகத்தில் வெற்றிக் களை. இடம் சரியாக இருக்கிறதா என்று முன் அறையை நாலு பக்கமும் அளந்துகூட வைத்துவிட்டார்.

போனில் மகள் படித்தாள். "அம்மா நூத்திப் பதினெட்டு. அப்பா பதினொண்ணு."

"மாத்திப் படிக்கிறே பாப்பா."

"இல்லப்பா. அம்மா பக்கம் வந்தவங்க எல்லாரும் நம்ம ஊர்க்காரங்க. மெசேஜ்ல வந்த லிங்க்கை அமுக்கி வந்திருக்காங்க. காலையில ஆறரை மணிக்குக் கூட்டமா வந்திருக்காங்க!"

"அது தப்பு! என் வழியா மட்டும் நூறு பேருக்கு மேல வந்திருக்கணும்!"

"எப்படிப்பா தெரியும்?"

டேப்காரர் கழுத்து டேப்பை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

"கேக்கிறாள்ல, சொல்லுங்க," என்றாள் மனைவி, தைத்த உறையை மடித்துக்கொண்டே. "எப்படித் தெரியும்?"

"ஒரு... நம்பிக்கைதான்."

சமையலறைப் பக்கம் ஒதுங்கி, வேறு வழியில்லாமல் கண்ணாடியை எடுத்து மாட்டினார். திரையில் முகவரியின் தலை மட்டும் தெரிந்தது. மீதியை மூன்று புள்ளி மறைத்திருந்தது. தட்டி விரித்தார். ரயில் மாதிரி நீண்டுகொண்டே போன எழுத்துகளின் கடைசிப் பெட்டியில், இரண்டாம் நம்பர்.

சத்தம் போடலாம். போட்டால், ஊரெல்லாம் பிடித்து அமுக்க வைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேரே போய் மெஷினைத் தூக்கினார். கால் காலாக நகர்த்தி முன் அறை ஜன்னலோரம் கொண்டுவந்து வைத்தார்.

அவள் உட்கார்ந்து ஒரு நிமிடம் கண்ணை மூடி முணுமுணுத்தாள். பிறகு ஊசியை வெளிச்சத்தில் பிடித்தாள். நூல் முதல் தடவையிலேயே நுழைந்தது. திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள், கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி. டேப்காரருக்கு என்னவோ நாற்காலி அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை. தோற்றதும் ஒரு விதத்தில் நல்லதுதான், போனால் போகட்டும், நம்முடைய குட்டு வெளிப்படவில்லையே என்று மனசுக்குள் சமாதானமாகிவிட்டார்.

"காப்பி போடட்டுமா?" என்று அவரே கேட்டார்.

"போடுங்க. அப்படியே அந்த லிங்க்கை அழிச்சிடாதீங்க. பல் டாக்டர் வீட்டம்மா எங்க குழுவுலதான் இருக்காங்க, நீங்க படற பாடெல்லாம் தினமும் சொல்லுவாங்க. நாளைக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கமும் கொஞ்சம் போயிட்டு வந்துடுங்க."