துவக்குக்கு வைத்த பொட்டு

புதிதாக எதை வாங்கினாலும் அதற்கொரு பொட்டு வைக்காவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கை நமைக்கும். கார் வாங்கினால் பொட்டு, சலவை மெஷின் வாங்கினால் பொட்டு. பாரிஸில் லா சப்பலில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையில் தராசுக்கே நெற்றி உண்டு. இதனால் யாருக்கு என்ன கெட்டுவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். மிஷலைக் கேட்டுப் பாருங்கள்.

மிஷல் என் சம்பந்தி. இந்தக் கதை நடந்தபோது இன்னும் ஆகவில்லை. என் மகள் அபி அவருடைய மகனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மேரியில், அதாவது நகரசபையில், கையெழுத்து, பிறகு பத்துப் பேருக்குச் சாப்பாடு, முடிந்தது கல்யாணம் என்பது மிஷலின் எண்ணம். தாலி, மணவறை, ஐயர், ஐந்நூறு பேர் என்பது என் மனைவி வசந்தியின் எண்ணம். என் எண்ணத்தை யாரும் கேட்கவில்லை. மிஷலிடம் போய்ப் பேசிச் சம்மதம் வாங்குகிற வேலையை மட்டும் என் தலையில் கட்டினார்கள்.

"அப்பா, அவருக்கு அந்தப் பழைய காலத்துத் துவக்கிலைதான் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை உங்களையும் சுடுற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறாராம். அவர் சந்தோஷமா இருக்கேக்கை மெல்லமாக் கேளுங்கோ. வேறை ஒண்டும் செய்யாதேங்கோ, சில்வுப்ளே" என்றாள் அபி. (வீட்டில் எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை, கடைசி 'தயவுசெய்து'வை மட்டும் பிரெஞ்சில் விட்டு, தமிழில் இவ்வளவு நீளமாகப் பேசியதிலேயே விஷயத்தின் பாரம் விளங்கியது.)

"வெடிச் சத்தம் கேக்கக்கூடாதெண்டுதானே நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். இவர் இப்ப காரிலை ஏறிப் போய்க் கேக்கப்போறார்" என்றாள் வசந்தி.

ஞாயிறு காலை மிஷல் எங்கள் மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் நீளமான பை. காருக்குள் விட்டுவர அவருக்கு மனம் வரவில்லை. (லா சப்பலில் எனக்கும் வந்திராது.) அவர் பேசியது பிரெஞ்சுதான். என் காதுக்குள் அது எப்படித் தமிழாக விழுந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

"பழைய காலத்து மாதிரியிலை புதுசாச் செய்த துவக்கு. இன்னும் ஒரு வெடியும் வைக்கேல்லை. காலமை குறியைச் சரிபண்ணிப்போட்டுப் பின்னேரம் போட்டி. ஒவ்வொரு வருஷமும் ஜெரார் எண்டொருத்தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போறான். இந்த வருஷம் விடமாட்டன்."

ஜெரார் என்ற பெயரைச் சொல்லும்போது வசந்தி நீட்டிய மீன் ரோல்ஸை அவர் கடித்த விதத்தைப் பார்த்து, ரோல்ஸுக்காக நான் பரிதாபப்பட்டேன். அதற்குள், சாமான் இறக்குகிற இடத்தில் காரை விட்டது நினைவுக்கு வர, பையைச் சோபாவில் வைத்துவிட்டுக் கீழே ஓடினார்.

அவர் கதவைச் சாத்தியதும் வசந்தி தட்டோடு வந்து நின்றாள். தட்டில் சந்தனம், குங்குமம், கற்பூரம்.

"இஞ்சாருங்கோ, புதுச் சாமான். அப்பிடியே கொண்டுபோகப் போறியளோ? அந்த ஜெராரின்ரை கண் படாதே?"

"உனக்கென்ன விசரே? இதுக்குள்ளை வெடிமருந்தும் கிடக்கும். கற்பூரத்தைக் கொளுத்தினியெண்டால் கட்டிடத்தோடை போவம்!"

அந்த ஒரு நிமிடம், நான் எவ்வளவு பொறுப்பான மனிதன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான், சந்தனம் வைத்தால் என்ன வந்துவிடப் போகிறது என்று பையின் வாயைக் கொஞ்சமாகத் திறந்தேன்.

துவக்குக்கு நெற்றி எங்கே இருக்கிறது? மரக்கட்டையில் வைத்தால் கறை பிடிக்கும். குழலில் வைத்தால் பளிச்சென்று தெரியும். தேடிக்கொண்டு போனால், குழலின் நுனியில் சின்னதாக ஓர் இரும்புத் துண்டு எழும்பி நின்றது. ஆகா, கடவுளாகப் பார்த்துப் பொட்டுக்கென்றே விட்ட இடம்! அதன் இடப்பக்கத்தில் அப்பினேன். கடலை அளவுக்கு வந்துவிட்டது. குங்குமம் வைக்கவில்லை. (தந்திரம். சிவப்பு காட்டிக்கொடுத்துவிடுமாம்.) மிச்சச் சந்தனத்தை என் நெற்றியில் பூசிக்கொண்டேன். வசந்தி குழைக்கிற சந்தனம் காய்ந்தால் கல்.

சுடுகிற இடம் நகரத்துக்கு வெளியே, பழைய கல் உடைத்த பள்ளம் ஒன்றில் இருந்தது. மிஷல் ஒரு வெடிக்குச் செய்த ஆயத்தத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் கல்யாண வீடுகள் நினைவுக்கு வந்தன. குழலின் வாய்க்குள் மருந்தை அளந்து கொட்டினார். எண்ணெய் தோய்த்த துணித் துண்டில் ஈயக் குண்டை வைத்து நீளக் கம்பியால் அடிவரை இடித்தார். பின்பக்கம் கொத்தமல்லி அளவில் ஒரு செப்புத் தொப்பி போட்டார். இந்தத் துவக்கோடு மான் வேட்டைக்குப் போனவன் மரக்கறிதான் சாப்பிட்டிருப்பான்.

பிறகு சுட்டார். புகை கலைந்தபோது நான் மேசைக்கு அடியில் குப்புறக் கிடந்தேன்.

எப்படிப் போனேன் என்று தெரியாது. காதுக்கு மூடி போட்டுத்தான் இருந்தேன். காதை மூடலாம், வன்னிச் சண்டைக்குள் பழகிய உடம்பை எதைப் போட்டு மூடுவது? வரிசையாக நின்ற கிழவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தில், அங்கேயே ஒரு வாடகை வீடு எடுத்து இருந்துவிடலாமா என்று யோசித்தேன். மிஷல் குனிந்து கை தந்தார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் சுட்டார். அந்த மனிதரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. இப்போது இந்தச் சம்பந்தம் வசந்திக்காக மட்டுமல்ல, எனக்காகவும் நல்லபடி நடக்க வேண்டியிருந்தது.

ஆனால் குண்டுகள் எல்லாம் குறி அட்டையின் வலப்பக்கம் ஓடின.

"பரவாயில்லை, புதுசு அப்பிடித்தான்" என்று மிஷல் துவக்கின் நுனியை அன்போடு பார்த்தார். "என்ன வடிவான பித்தளைக் குறி வைச்சிருக்கிறாங்கள், பாரும்! என்ரை கிழட்டுக் கண்ணுக்கே நல்லாத் தெரியுது."

"எது?"

"இது. பின்னாலை இருக்கிற வெட்டுக்கு நடுவிலை இந்த முனையை வைச்சுத்தான் குறி பார்க்கிறது. குண்டு வலப்பக்கம் போனால், பின்னாலை இருக்கிறதை இடப்பக்கம் தட்டவேணும். விளங்குதோ?"

விளங்கியது. அவர் பித்தளை என்றது என் சந்தனத்தை. நான் பொட்டு வைத்தது துவக்கின் நெற்றிக்கு அல்ல, அதன் கண்ணுக்கு. வாயைத் திறந்தேன். 'வேறை ஒண்டும் செய்யாதேங்கோ' என்ற அபியின் முகம் தெரிந்தது. மூடிக்கொண்டேன். மிஷல் சின்னச் சுத்தியலால் தட்டினார், சுட்டார், தட்டினார், சுட்டார். மத்தியானத்துக்குள் குண்டு அட்டையின் நட்ட நடுவில் விழத் தொடங்கியது. சிறு பிள்ளை மாதிரி என்னைக் கட்டிப் பிடித்தார். பொட்டோடு சேர்த்தே துவக்குச் சரிவந்துவிட்டதென்றால் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? தெய்வமே ஏற்றுக்கொண்டுவிட்டது, குறுக்கே பேச நான் யார்?

பின்னேரம் போட்டி. மிஷலுக்கு இடப்பக்கத்தில் ஜெரார், முறுக்கிய மீசையோடு. இருவருடைய அட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. மிஷல் சுட்டதெல்லாம் நடு. ஜெராரின் மீசை மெல்லத் தொய்ந்தது. நான் மனதுக்குள் மண்டபம் பார்க்கவே தொடங்கிவிட்டேன்.

கடைசிக்கு முந்திய வெடியில் மேசை விளிம்பில் மஞ்சளாக என்னவோ தெறித்து விழுந்ததைக் கண்டேன். மிஷல் காணவில்லை. கடைசிக் குண்டை இடித்தார், என்னைப் பார்த்துத் தலையசைத்தார், சுட்டார். அவருடைய அட்டையில் புது ஓட்டை இல்லை. ஜெராரின் அட்டையில், இத்தனை நேரம் ஜெராரே தொட முடியாத நட்ட நடுவில், ஒன்று இருந்தது. பொட்டோடு சரிபண்ணிய துவக்கு, பொட்டு உதிர்ந்ததும் இடப்பக்கம் திரும்பிவிட்டது. அடுத்தவன் அட்டையைத் துளைத்தவருக்குப் போட்டியில் இடமில்லையாம். கோப்பை ஜெராருக்கே போனது. அவர் வந்து மிஷலின் கையைக் குலுக்கி, "உதவிக்கு நன்றி" என்றார்.

மிஷல் நுனியைத் தடவிப் பார்த்தார். மேசை விளிம்பில் கிடந்ததை எடுத்தார். விரலால் நசுக்கினார், மணந்தார். பிறகு மிக மெதுவாகத் தலையைத் திருப்பி என் நெற்றியைப் பார்த்தார்.

"இது என்ன?"

"சந்தனம். புதுச் சாமானுக்கு வைக்கிறது. கண்ணூறு படாமல்."

"ஆற்றை கண்? ஆர் கண் வைக்கிறது?"

வேறு வழியில்லாமல், கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டிருந்த ஜெராரைக் காட்டினேன். மிஷல் அவரைப் பார்த்தார். துவக்கைப் பார்த்தார். முகம் பீற்றூட் நிறத்துக்கு வந்தது. என் மகளின் கல்யாணம் அந்தப் பள்ளத்திலேயே முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்ப ஏன் என்ரை துவக்குக்கு வைச்சனீர்?" என்று கத்தினார். "அவன்ரைக்கெல்லோ வைச்சிருக்கவேணும்!"

திரும்பிக் காரில் ஏறினோம். பாரிஸுக்குப் பக்கத்துத் திரான்சியைத் தாண்டிய பிறகு அவரே தொடங்கினார். "நீர் என்னட்டை ஏதோ கேக்க வந்தனீராம். அபி சொன்னவள்."

சாகப்போகிறவன் மாதிரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டேன். தாலி, மணவறை, ஐயர், ஐந்நூறு பேர்.

"ஐந்நூறு பேருக்கும் அந்த ரோல்ஸ் இருக்குமோ?"

"ஓம்."

"அப்ப சரி. ஜெராரையும் கூப்பிடுவன். கோப்பையைத்தான் தூக்கினவன், ஐந்நூறு பேரோடை நாங்கள் செய்யிற கல்யாணத்தையும் வந்து பார்க்கட்டும். ஆனால் ஒண்டு, இனி நீர் என்ரை துவக்குக்குக் கிட்டவும் வரப்படாது."

கல்யாணம் ஐந்நூறு பேரோடு நடந்தது. வேட்டியோடு மணவறைக்குப் பக்கத்தில் நின்ற மிஷலுக்குச் சந்தனம் வைக்க ஐயர் விரலை நீட்டினார். மிஷல் டக்கென்று அவர் கையைப் பிடித்தார். "நடுவிலை வையுங்கோ ஐயா. இடப்பக்கம் போனால் ஜெராருக்குப் போயிடும்!" துவக்குக் கதை அதற்குள் பரவியிருந்ததால், பிரெஞ்சு விளங்கிய பாதி மண்டபம் சிரித்தது. இடப்பக்கம் இருந்த ஜெராரும், பாவம், கூடச் சிரித்தார்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் அது ஒரு சொல்லாகிவிட்டது. எனக்கென்று பொரித்த மீன் மருமகனின் தட்டில் விழுந்தால், "ஜெராருக்குப் போயிட்டுது." நான் சொன்ன பகிடிக்கு வேறு யாருக்கோ பாராட்டுக் கிடைத்தால், "ஜெராருக்குப் போயிட்டுது."

போன ஞாயிறு எங்கள் பேத்தி முதன்முதலாக நடந்தாள். நான் கூடத்தின் இந்தப் பக்கம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குந்தியிருந்தேன். மிஷல் சும்மா கதிரையில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை என்னையே பார்த்துச் சிரித்தபடி, தள்ளாடித் தள்ளாடி, நேராக என்னிடம்தான் வந்தாள். ஓர் எட்டுத் தூரத்தில் இடப்பக்கம் திரும்பி மிஷலின் காலைக் கட்டிக்கொண்டாள்.

குசினிக்குள்ளிருந்து வசந்தி பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"போயிட்டுது!" என்றாள்.