முந்நூற்றைம்பது கிராம்

அன்று காலை அந்த எடை மெஷினைச் சுற்றி இருந்தவர்கள் ஏழே பேர். தராசுக்காரர், அவருடைய ஒன்பது வயது மகள் மிளகு, மிளகின் அத்தை, கராத்தே மாஸ்டர், போட்டியை நடத்திய சங்கத்தின் செயலாளர், பிற்பாடு வந்து சேர்ந்த ஒரு நர்ஸம்மா, நர்ஸம்மாவின் மகள். மற்றபடி, "என் கண்ணால பாத்தேன்" என்று யார் கிளம்பி வந்தாலும் நம்ப வேண்டாம். அவர்களெல்லாம் வரிசையில் பின்னால் நின்று முதுகுகளைப் பார்த்தவர்கள்.

மெஷினில் சிவப்பு எண்கள் மினுக்கின. 25.200.

"இருக்கவே முடியாது" என்றார் தராசுக்காரர்.

"இருக்கே சார்" என்றார் செயலாளர், பேனாவை நோட்டில் வைத்தபடி. "இருபத்தஞ்சைத் தாண்டிட்டா அடுத்த பிரிவு. எழுதிக்கட்டுமா?"

"எழுதாதீங்க! காலையில வீட்டுல நிறுத்தேன். இருபத்துநாலரை. ஒரு கிராம் கூட, குறைய இல்ல."

சாதாரண அப்பா ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் செயலாளர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். சொன்னவர் தராசுக்காரர். மூன்று தலைமுறையாகத் தராசு பழுதுபார்க்கும் குடும்பம். நகைக்கடைத் தராசிலிருந்து லாரி ஏறி நிற்கிற எடைமேடை வரை அந்தக் குடும்பத்தின் கை படாதது ஊரில் இல்லை. மூன்று தலைமுறையில் ஒருவரும் ஒரு குன்றிமணி அளவுக்குக்கூட எடையில் பொய் சொன்னதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்வீட்டார் கடைத் தராசு நாற்பது கிராம் தள்ளி நிற்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் காபியையே தொட்டார் மனிதர்.

ஆனால் இப்போது அவர் நெற்றி வேர்த்ததற்குக் காரணம் குடும்பப் பெருமை மட்டும் அல்ல. அடுத்த பிரிவில் பாறாங்கல் இருந்தாள்.

பாறாங்கல்லைத் தராசுக்காரர் பார்த்ததில்லை. கேள்விப்பட்டதே போதுமானதாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் விட்ட ஒரு உதையில், எதிரே நின்ற குழந்தை கோட்டைத் தாண்டிப் போய் நடுவரின் மடியில் உட்கார்ந்ததாகப் பேச்சு. அன்றிலிருந்து பாறாங்கல் எந்தப் பிரிவில் பேர் கொடுக்கிறாளோ, அந்தப் பிரிவுக் குழந்தைகள் எல்லாரும் ஒரே வாரத்தில் இளைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் பெருத்துவிடுவார்கள். மிளகின் அம்மா வாசலில் செருப்பு மாட்டும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள்: "அந்தப் பொண்ணுகூட நம்ம குழந்தையை மோத விட்டுட்டு வந்தீங்கன்னா, நீங்க அப்படியே கடையிலயே படுத்துக்கலாம்."

"அண்ணா, கிளிப்பெல்லாம் கழட்டு" என்றாள் அத்தை. "தலையில அரை கிலோ இரும்பு மாட்டி வெச்சிருக்கா உன் பொண்டாட்டி."

கிளிப், சாக்ஸ், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றப்பட்டன. 25.150.

"ஓடவிடுங்க சார்" என்றார் மாஸ்டர். அவர் எந்தப் பிரச்சினைக்கும் ஓடச்சொல்லுகிறவர். "கட்டடத்தைச் சுத்தி அஞ்சு ரவுண்டு. வேர்த்தா எறங்கிடும்."

மிளகு மறுபேச்சுப் பேசாமல் ஓடினாள். ஒவ்வொரு சுற்றிலும் கட்டடத்தின் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் காணாமல் போய், மறுபடி மூச்சுவாங்க முன்பக்கம் வந்தாள். ஐந்தாவது சுற்று முடிந்து நின்றபோது கன்னம், மோவாய், கழுத்து எல்லாம் நனைந்திருந்தன. எப்படி வேர்த்திருக்கிறது பாவம் என்று தராசுக்காரருக்கு மனம் இளகிவிட்டது. தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

"முடியலைன்னா சொல்லிடு கண்ணு."

"முடியுதுப்பா. இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடட்டுமா?"

"போதும், போதும். ஏறு."

25.350.

செயலாளர் குனிந்து எண்ணை இன்னொரு முறை படித்தார்.

"நல்லா ஓடுறா" என்றாள் அத்தை. "இன்னும் நாலு ரவுண்டு விட்டா முப்பதைத் தாண்டிடுவா."

தராசுக்காரரின் முதுகு நிமிர்ந்தது. அவருடைய குடும்பத்தில் அந்த நிமிர்வைப் பார்த்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள்.

"செயலாளர் சார், ஓடினா எடை ஏறுற பிள்ளை உலகத்துல பொறக்கல. உங்க மெஷின்தான் தப்பு."

"சார், புது மெஷின் சார்."

"புதுசா இருந்தா? உட்கார வெச்சிருக்கிற இடத்தைப் பாருங்க. கீழ ரப்பர் மெத்தை! தராசுன்னா தரையில நிக்கணும். மெத்தையில படுக்கக் கூடாது."

வண்டியிலிருந்து இரண்டு பெட்டிகள் வந்தன. அரசாங்க முத்திரை குத்திய ஐந்து கிலோ எடைக்கற்கள் நான்கு. கல்யாணத்துக்குப் போனாலும் அவர் அவற்றை வண்டியில் வைத்துக்கொண்டுதான் போவார். நான்கையும் மெஷினில் அடுக்கினார். 20.500.

"பாத்தீங்களா? அரைக் கிலோ!" அவர் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. மெஷினைத் தூக்கி வெறும் தரையில் வைத்தார். மண்டியிட்டு, நாலு கால்களையும் திருகி மட்டம் பார்த்தார். மறுபடி கற்களை அடுக்கினார். 20.000. அதற்கப்புறம் மிளகை ஏற்றினார்.

24.850.

தராசுக்காரர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவருடைய புருவம் லேசாகச் சுருங்கியது. வீட்டில் இருபத்துநாலரை. இங்கே அதைவிட முந்நூற்றைம்பது கிராம் கூட. இப்போது மெஷின் சரி. வீட்டுத் தராசும் சரி. அப்படியென்றால் நடுவில் இந்த முந்நூற்றைம்பது?

"காலையில சாப்பிட்டிருப்பா" என்றாள் அத்தை.

"எடை பாத்து முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் வேண்டாம்னுட்டாளே."

"வந்த லாபத்தை வெச்சுக்க அண்ணா. எல்லாத்தையும் நோண்டாத."

செயலாளர் நோட்டை மூடிவிட்டு எழுந்தார். அவர் நியாயமான மனிதர். அதுதான் கஷ்டம்.

"சார், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா உங்க பிள்ளைக்கு மட்டும் மாத்தினா என்னைச் சும்மா விடுவாங்களா? மெஷின் தப்புன்னா எல்லாருக்கும் தப்பு." மைக்கைக் கையில் எடுத்தார். "எடை பார்த்த எல்லாக் குழந்தைகளும் மறுபடி வரிசையில் வரவும்."

அறுபத்திரண்டு குழந்தைகள். அறுபத்திரண்டு ஜோடி அப்பா அம்மா. ஒன்றரை மணி நேரம். "இப்பத்தான் சார் ரெண்டு தோசை குடுத்தேன்!" என்று ஒருவர் கத்தினார். "எம் பையன் நேத்து ராத்திரியிலிருந்து பட்டினி" என்று இன்னொருவர் தராசுக்காரரை நேராகப் பார்த்து முறைத்தார். தராசுக்காரர் அசையவில்லை. ஒவ்வொரு குழந்தை ஏறி இறங்கும்போதும் எண்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நியாயமான எடை ஒன்று போடப்படும்போது அவருக்கு வருகிற சந்தோஷம் சொல்லி மாளாது.

கடைசியாக ஒரு நர்ஸம்மா, டியூட்டி முடிந்து அப்படியே வந்தவள் போல வெள்ளை உடுப்போடு, ஒரு சிறுமியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். ஒல்லிக் குழந்தை. முன்பல் இரண்டும் விழுந்து முளைக்காத வாய். மெஷினில் ஏறுமுன் செருப்பை ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு ஏறினாள்.

24.800.

"அடடே" என்றார் செயலாளர். "முன்னாடி இருபத்தஞ்சு முந்நூறு. இப்ப இருபத்தஞ்சுக்குள்ள வந்துட்டா." எழுதிக்கொண்டே சொன்னார்: "பாறாங்கல் கீழ் பிரிவு."

தராசுக்காரருக்குக் காது அடைத்துக்கொண்டது. "இதுவா பாறாங்கல்?" என்று மாஸ்டரிடம் கேட்டார்.

"இதுதான் சார். பாத்தா தெரியாது."

செய்தி அரங்கத்தில் பரவுவதற்கு மூன்று நிமிஷம் ஆனது. கீழ் பிரிவில் மொத்தம் ஐந்து பேர். ஒரு குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தது. இன்னொன்றுக்கு வயிற்றுவலி. மூன்றாவது குழந்தையின் அப்பா, ஊரில் பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். செயலாளர் பேர்களை அடித்துக்கொண்டே வந்தார். மிச்சம் இரண்டு.

"நேரா ஃபைனல் சார்" என்றார் தராசுக்காரரிடம். "அதிர்ஷ்டம்தான்."

"அண்ணா, நீயும் காய்ச்சல்னு சொல்லிடேன்" என்று காதைக் கடித்தாள் அத்தை.

"காய்ச்சல் இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்றதும் எடைக்கல்லைத் தேய்க்கிறதும் ஒண்ணுதான்."

"சரி. மெஷினைத் திரும்ப மெத்தைமேல தூக்கி வெச்சுடுவோமா?"

அந்த நேரத்தில் தராசுக்காரரின் கை மெஷினை நோக்கி நீண்டது என்று சொல்பவர்கள் உண்டு. நீண்டது உண்மை. தொடவில்லை.

"அண்ணி போன் பண்றா" என்றாள் அத்தை. "எடுக்கட்டுமா?"

"எடுக்காத!"

நேர்மையான வழி ஒன்றுதான் இருந்தது. எடைப் பட்டியலை மூடப் பத்து நிமிஷம். பிள்ளையை நூற்றைம்பது கிராமுக்குக் கொஞ்சம் மேல் ஏற்றிவிட்டால் மேல் பிரிவுக்குப் போய்விடுவாள். அங்கே இப்போது பாறாங்கல் இல்லை. தராசுக்காரர் தெருவில் இறங்கி ஓடினார். வாழைப்பழம் நான்கு வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். அந்த ஓட்டத்தில் அவருக்கே ஒரு கிலோ இறங்கியிருக்கும்.

"கண்ணு, ஆ காட்டு."

"வேண்டாம்ப்பா."

"ரெண்டே ரெண்டு பழம்."

"வயிறு முட்டிப் போயிருக்குப்பா."

"ஒண்ணும் சாப்பிடாம எப்படிடி முட்டும்?"

மிளகு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அத்தை கெஞ்சினாள். மாஸ்டர் அதட்டினார். "சரி, தண்ணியாவது குடி" என்று பாட்டிலை நீட்டினார் தராசுக்காரர். பாட்டில் காலியாக இருந்தது. அவர் நிரப்பிக்கொண்டு வருவதற்குள் செயலாளர் நோட்டை மூடிவிட்டார்.

தலைக்கவசத்தின் பட்டையைக் கட்டிவிடத் தராசுக்காரர் மண்டியிட்டார். அரைக் கிராம் எடைத்தகட்டை இடுக்கியால் எடுத்துவைக்கிற விரல்கள். பட்டை ஓட்டைக்குள் நுழையவே இல்லை.

"அப்பா, பயமா இருக்கா உங்களுக்கு?"

"இல்லியே."

"பயமா இருந்தா கண்ணை மூடிக்கோங்க. முடிஞ்சதும் நான் வந்து சொல்றேன்."

"அடி பட்டா உடனே உக்காந்துடணும். கௌரவமெல்லாம் பாக்கக் கூடாது. என்ன?"

இதைச் சொன்னவர் தராசுக்காரர்தான். அந்தக் குடும்பத்தில் இந்த வாக்கியத்தை அதற்கு முன்பு யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

மணி அடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கும்பிட்டுக்கறாங்க" என்றாள் அத்தை.

தொப்பென்று ஒரு சத்தம்.

"அடி விழுந்துச்சு அண்ணா."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

மறுபடி தொப். மறுபடி. பிறகு தராசுக்காரருக்கு ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தார். கண்ணைத் திறந்தார்.

சிரிப்பு. தலைக்கவசத்துக்குள் இரண்டும் சிரித்துக்கொண்டிருந்தன. பாறாங்கல் கால் வீச, மிளகு குனிந்து தப்பித்துப் பக்கவாட்டில் குத்த, பாறாங்கல் அதைத் தடுத்துவிட்டு முன்பல் இல்லாத வாயைத் திறந்து கெக்கலித்தாள். நடுவர் இரண்டு முறை முறைத்தார். புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. நாலு நாலு. ஐந்து ஐந்து. கடைசி வினாடியில் பாறாங்கல்லின் கால் மிளகின் தோளைத் தொட்டது. ஆறு ஐந்து.

தோற்றவள் துள்ளிக் குதித்துப் போய் ஜெயித்தவளைக் கட்டிக்கொண்டாள். ஜெயித்தவள் நடு மெத்தையில் நின்று ஓவென்று அழுதாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு யார் தோற்றார்கள் என்றே புரியவில்லை.

தராசுக்காரர் கைக்குட்டையைத் தேடினார். அது மகளைத் துடைத்து நனைந்த கைக்குட்டை. அதனாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒரு குரல், அடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி சொன்னது: "தராசுக்காரர் தெரியும்ல, தன் பொண்ணை இவகிட்டருந்து தப்பிக்க வைக்கறதுக்காக எடையையே மாத்திட்டாராம். கெட்டிக்காரர்!"

தராசுக்காரரின் முதுகு நிமிர்ந்தது. மூன்று தலைமுறையும் அவருக்குள் எழுந்து நின்றது. அவர் திரும்பி வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பிச் சொன்னாள்:

"அவரு ஒண்ணையும் மாத்தலைங்க; எடையை மாத்தினது அந்தப் பொண்ணுதான் – எம் பொண்ணுகூட விளையாட யாருமே வரமாட்டேங்கறாங்கன்னு, 'உன் பிரிவுக்கு நான் வரேன்'னு நேத்து இவகிட்ட போன்ல வாக்குக் குடுத்துட்டு, காலையிலிருந்து தண்ணியா குடிச்சிட்டிருக்கா."