சாவி பதிவுத் தபாலில் வருகிறது

பேருந்தில் நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்த பிறகும், அதை மடிக்காமல், சட்டைப்பையில் போடாமல், இறங்கும் இடம் வரை இரண்டு விரல்களுக்கு நடுவே நிமிர்த்திப் பிடித்தபடி வருகிற ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பரிசோதகர் ஏறினால் அவர் முகம் மலரும். பரிசோதகர் அவரைத் தாண்டிப் போய்விட்டால் வாடும். "சார், என்னோடதைப் பாக்கலையே" என்று பின்னாலிருந்து கூப்பிடுவார். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர், கேட்காமலே காட்டுபவர். நினைவு தெரிந்த நாளிலிருந்து இவர்களில் ஒருவரை மிக அருகிலிருந்து கவனித்து வருகிறேன். அவர் என் அப்பா.

கேட்காமலே காட்டுபவரிடம் ஒரு கோப்பு இருக்கும். எங்கள் வீட்டுக் கோப்பு பச்சை நிறம், நாடா வைத்துக் கட்டியது. பிறந்த சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மின்விசிறி வாங்கிய ரசீது, அந்த மின்விசிறி பழுதானபோது விற்ற ரசீது, எல்லாவற்றுக்கும் மும்மூன்று நகல். மருத்துவமனையில் தாதி "பேர் என்ன?" என்று கேட்டால் அப்பா வாயைத் திறக்க மாட்டார், கோப்பைத் திறப்பார். எதற்கு இதெல்லாம் என்று கேட்டுப் பாருங்கள். "எதுக்கும் இருக்கட்டும். நாளைக்கு ஒருத்தர் கேட்டா?" என்பார். யார் அந்த ஒருத்தர்? எங்கள் வீட்டில் எந்த விருந்தாளிக்காகவும் இவ்வளவு காலம் காத்திருந்ததில்லை.

இப்படிப்பட்ட ஒருவரிடம் ஒரு துப்பாக்கியும் இருந்தால் என்ன ஆகும்?

அப்பா ஒரு வங்கியில் வாசல் காவலர். இரட்டைக்குழல் துப்பாக்கி அவருடைய சொந்தம், உரிமமும் அவர் பெயரில். வருடத்துக்கு ஒருமுறை பயிற்சித் திடலில் சுடுவதோடு சரி. திருடர்களை அது பயமுறுத்தியதா தெரியாது, அப்பாவை நன்றாகவே பயமுறுத்தி வைத்திருந்தது. துடைக்கும்போதுகூட அதன் முகத்துக்கு நேரே நின்று பேச மாட்டார்.

போன வருடம் வங்கிக் கிளையின் கூரையைப் பிரித்துக் கட்டுவதற்காக நான்கு மாதம் மூடினார்கள். அந்த நான்கு மாதத்துக்குப் பக்கத்து மாநிலக் கிளையில் ஒரு காவலர் இடம் காலி. ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குத் துப்பாக்கியோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும். நானோ பட்டம் வாங்கிவிட்டு எட்டு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். வீட்டில் சம்பாதிப்பது அப்பாவும் அந்தத் துப்பாக்கியும் மட்டும்தான்.

துப்பாக்கி எல்லை தாண்டுவதற்கு அனுமதி வாங்க மூன்று வாரம் பிடித்தது. அனுமதியோடு நான்கு பக்கத்தில் விதிகளும் வந்தன. எங்கள் பரம்பரையிலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், வீட்டுக்குள் வரும் அச்சடித்த காகிதம் எதுவானாலும் என் மேசைக்கு வந்துவிடும்.

"நீ படிச்ச புள்ள. இது என்ன சொல்லுது பாரு."

"துப்பாக்கியைக் கழட்டிப் பூட்டின பெட்டியில வைக்கணுமாம். தோட்டா தனியா இருக்கணும். சாவி, பயணத்தின்போது எளிதில் கைக்கு எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும்."

"எட்டாத இடம்னா?"

"வண்டிக்குப் பின்னாடி சாமானோட சாமானா எங்கயாவது போட்டு வைங்கப்பா."

"போட்டா, கையை நீட்டினா எட்டுமே" என்றார். இரண்டு நாள் யோசனையாகவே இருந்தார். மூன்றாம் நாள் அவர் முகம் தெளிந்திருந்தது. நான் காரணம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மாதத்தின் கடைசி நாள் காலையில் ஒரு வாடகை வேனில் கிளம்பினோம். நான்கு மாதத்துக்கு வேண்டிய பாத்திரமும் படுக்கையும் பின்னால், அப்பா, அம்மா, நான், ஓட்டுநர் முன்னால், பெட்டி அப்பாவின் காலடியில், கோப்பு மடியில். எல்லைச் சோதனைச் சாவடியை அடைந்தபோது மணி பதினொன்று. குட்டையான காவலர் ஒருவர் நாற்காலியை விட்டு எழாமலே, வந்த வண்டிகளையெல்லாம் ஈ ஓட்டுவதுபோலக் கையால் தள்ளி அனுப்பிக்கொண்டிருந்தார். எங்களுக்கும் கை ஆடியது. ஓட்டுநர் வேகத்தைக் கூட்டினார்.

"நிறுத்துப்பா" என்றார் அப்பா.

"எதுக்குண்ணே? மாசத்துக்கு இருபது தடவை போறேன். ஒரு நாளும் நிறுத்தினதில்ல."

"கை காட்டிட்டாங்கப்பா, போலாம்" என்றேன் நானும்.

"அவங்க கை காட்டினாங்க. நாம இன்னும் எதுவும் காட்டலையே."

இறங்கிவிட்டார். நேரே அந்தக் காவலரிடம் போய், ஒரு சோதனைச் சாவடியில் சொல்லவே கூடாத வாக்கியத்தைக் கணீரென்று சொன்னார்.

"சார், வண்டியில துப்பாக்கி இருக்கு."

காவலர் எழுந்தார். உள்ளேயிருந்து இன்னும் இருவர் ஓடி வந்தார்கள். யாரும் சொல்லாமலே எங்கள் ஓட்டுநர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டார். அம்மா மட்டும் அசையவில்லை. "ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள்.

சாவடி அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. அப்பா கோப்பை விரித்தார். உரிமம், அனுமதி, பணி மாற்ற உத்தரவு, பெட்டி வாங்கிய ரசீது. அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டி, தலையைச் சொறிந்தார்.

"இதுவரைக்கும் யாரும் இப்படி வந்து சொன்னதில்லைங்க. என்ன செய்யணும்னு பாக்கறேன்" என்றார். விதிப்புத்தகத்தைத் தேடினார்கள். அது குட்டைக் காவலரின் நாற்காலியில் அவருக்கு உயரம் கூட்டும் பணியில் இருந்தது. எடுத்துத் தூசி தட்டிப் பார்த்ததில், பெட்டியைத் திறந்து துப்பாக்கியின் எண்ணை உரிமத்தோடு ஒப்பிட்டுவிட்டு அனுப்ப வேண்டியதுதான் என்று தெரிந்தது.

"அவ்வளவுதான். பெட்டியைத் திறங்க."

"சாவி இல்ல சார்."

"எங்க?"

"பதிவுத் தபால்ல வருது." அப்பாவின் குரலில் ஒரு பெருமை. "இந்தாங்க ரசீது. புது விலாசத்துக்கு எனக்கு நானே அனுப்பியிருக்கேன். எளிதில் கைக்கு எட்டாத இடம்."

அதிகாரி ரசீதைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

"பூட்டுக்கு ரெண்டு சாவி இருக்குமே?"

"ரெண்டையும் சேர்த்துத்தான் சார் அனுப்பினேன். ஒண்ணைக் கையில வெச்சுக்கிட்டா அப்புறம் விதிக்கு என்ன மரியாதை?"

"பூட்டை உடைச்சிடலாமா?"

"உடைச்சா அது பூட்டின பெட்டி இல்லையே சார். அப்புறம் இங்கேருந்து அங்க எப்படிக் கொண்டு போறது?"

வேனிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கல்யாணமாகி வந்த அன்னிக்கே என் பெட்டிக்கு ரசீது இருக்கான்னு கேட்ட மனுஷன் சார் இவரு. நீங்க உக்காருங்க."

அதிகாரி உட்கார்ந்தார். அவர் நிலைமை பரிதாபமாக இருந்தது. அனுப்ப வேண்டுமானால் எண் வேண்டும். பெட்டியைப் பிடித்து வைக்க வேண்டுமானாலும் பதிவேட்டில் எண் எழுத வேண்டும். எண்ணோ பெட்டிக்குள். கடைசியில் பொறுமை போய்விட்டது.

"ஐயா, நான் உங்களை ஏதாவது கேட்டேனா?"

"இல்ல சார்."

"போங்கன்னு கை காட்டினாங்கல்ல?"

"காட்டினாங்க."

"அப்புறம் ஏன் ஐயா வந்து சொன்னீங்க?"

அப்பா கோப்பின் நாடாவைக் கட்டிக்கொண்டே பதில் சொன்னார். "நீங்களா கண்டுபிடிச்சா நான் திருடன் சார். நானா வந்து சொன்னா காவல்காரன்."

அதிகாரி விதிப்புத்தகத்தை மூடி வைத்தார். மூன்று வருடக் கல்லூரியில் நான் உருப்படியாகக் கற்றது, எந்த இடத்தில் எந்த விதியைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பதுதான். என் சட்டையைப் பார்த்து யாரும் என்னை நிறுத்துவதில்லை. அப்பாவின் சட்டையைப் பார்த்து எத்தனை இடத்தில் நிறுத்தியிருப்பார்கள்? இந்தக் கேள்வி அதற்கு முன்னால் எனக்குத் தோன்றியதே இல்லை என்பதை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் மணி இரண்டாகிவிட்டது என்பதை நினைத்து அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

வழி காட்டியவர் குட்டைக் காவலர். "சார், தபால் வண்டி தினமும் மூணு மணிக்கு இந்தப் பக்கமாத்தானே போகுது? நேத்து போட்ட தபால்னா இன்னிக்கு அதுல இருக்கணும்."

மூன்று மணிக்குத் தபால் வண்டியை நிறுத்தினார்கள். உள்ளே மூட்டைகளுக்கு நடுவே, கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியோடு ஒல்லியான தபால்காரர் ஒருவர் இருந்தார். பட்டியலில் விரலை ஓட்டி, "இருக்கு" என்றார். எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது.

"குடுங்க, இவர்தான் அந்த ஆளு" என்றார் அதிகாரி.

"ஆளு இவரா இருக்கலாம். ஆனா விலாசம் இது இல்லையே. கடிதத்துல எழுதியிருக்கிற வாசல்லதான் கொடுக்க முடியும்."

"நான் சொல்றேன் கொடுங்க!"

"எழுதிக் கொடுங்க சார், மேலிடத்துக்கு அனுப்பி உத்தரவு வாங்கறேன். பத்து நாள் ஆகும்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். கெஞ்சுவார், என் வேலை போய்விடும் என்பார், குறைந்தது முகத்தையாவது தொங்கப்போடுவார் என்று எதிர்பார்த்தோம்.

"அவர் சொல்றது சரிதானே சார்" என்றார் அப்பா.

தபால்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அப்பாவை உற்றுப் பார்த்தார். "ரசீது பத்திரமா வெச்சிருக்கீங்களா?"

"மூணு நகல் இருக்கு."

"மூணா!" என்றார் அவர். "நான் ரெண்டுதான் எடுப்பேன்." பிறகு இருவரும் உறைக்கு அரக்கு வைப்பது நல்லதா, நூல் சுற்றுவது நல்லதா என்று பேச ஆரம்பித்தார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டா சம்பந்தம் பேசி முடிச்சிடுவாங்க" என்றாள் அம்மா.

தபால் வண்டி சாவியோடு போய்விட்டது. அதிகாரி விதிப்புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "நீங்க படிச்சவங்கதானே? நீங்களே பாருங்க." இனி யாரும் எதையும் கண்டுகொள்ளாமல் விடப்போவதில்லை என்று தெரிந்துவிட்டதால், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விதிப்புத்தகத்தை வரி விடாமல் படித்தேன். எழுபத்து மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது. திறக்க இயலாத பெட்டியைக் காவலர் ஒருவரின் துணையோடு சேருமிடத்துக்கு அனுப்பலாம், திறக்கும்போது அவர் உடனிருந்து எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

"யார் போறீங்க?" என்று அதிகாரி கேட்டு முடிப்பதற்குள் குட்டைக் காவலர் வேனில் ஏறிவிட்டார். "என் மாமியார் வீடு அந்த ஊர்தான் சார்!"

அதிகாரி தன் சட்டைப்பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்துக் கொடுக்க, அப்பா பதிவேட்டில் நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஒன்றாம் தேதி. காலை ஒன்பது மணியிலிருந்து, குடிவந்த வாடகை வீட்டின் வாசலில் அப்பா சீருடையில் நின்றார். பக்கத்தில் பெட்டி மேல் குட்டைக் காவலர் உட்கார்ந்திருந்தார். வங்கி மூன்று தெரு தள்ளி. ஒன்பது இருபதுக்கு அந்தப் பகுதித் தபால்காரர் சைக்கிளில் வந்தார். உறையைக் கையில் எடுத்துக்கொண்டு, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டார்.

"நீங்க புதுசா இருக்கீங்களே. இந்த வீட்டுலதான் இருக்கீங்கங்கிறதுக்கு ஏதாவது இருந்தா காட்டுங்க."

அந்த ஒருத்தர் வந்துவிட்டார்! என் ஆயுள் முழுக்க நாங்கள் காத்திருந்த அந்த ஒருத்தர் சைக்கிளில் வந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கேட்டேவிட்டார். அப்பா கோப்பைப் பிரித்தார். புரட்டினார். மின்விசிறி ரசீது வரை போய்த் திரும்பி வந்தார். இருந்த எல்லாவற்றிலும் பழைய விலாசம். முந்தின நாள் மாலை குடிவந்தவருக்குப் புது விலாசத்தில் என்ன காகிதம் இருக்கும்? அப்பா மறுபடி முதல் காகிதத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.

"என்னங்க காகிதம்? நான் இருக்கேன்ல?" என்று பெட்டியிலிருந்து இறங்கினார் குட்டைக் காவலர். "நேத்து இவரை இந்த வீட்டுல கொண்டாந்து விட்டதே நான்தான். எங்க எழுதணும் சொல்லுங்க, சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

உறை கிழிந்தது, பூட்டுத் திறந்தது, எண் சரியாக இருந்தது. அப்பா பத்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது வங்கி வாசலில் நின்றார். மேலாளர் தலையை நிமிர்த்தவே இல்லை. "வந்துட்டீங்களா? கையெழுத்துப் போட்டுட்டுப் போய் நில்லுங்க."

"சார், அனுமதி, உரிமம், எல்லாம்..."

"அதெல்லாம் எதுக்குங்க?"

முகம் வாடித்தான் போனது. பாவம்.

கையெழுத்துப் போடப் பையில் கை விட்டபோதுதான் அந்த நீலப் பேனா அகப்பட்டது. சாவடி அதிகாரியுடையது. நான்கு மாதமும் அப்பா அதைத் தொடவில்லை. திரும்பும் வழியில் வேனை நிறுத்தச் சொன்னார். அதற்குள் அந்த இளம் அதிகாரி எங்கேயோ மாற்றலாகிப் போயிருந்தார், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வந்திருந்தவர் இருப்புப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "எங்க கணக்குல அப்படி ஒரு பேனாவே இல்லைங்க. இல்லாத பேனாவை நான் எப்படி வாங்கிக்கறது?" என்றார். அப்பாவால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது சரிதானே?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கடையிலிருந்து வெளியே வரும்போது, வாசலில் நிற்பவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தும், ரசீதைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தபடி நீங்கள் நடந்ததில்லையா? காவலரைத் தாண்டும்போது, எந்தத் தப்பும் செய்யாத முகம் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டதில்லையா? போன வாரம் ஒரு நேர்முகத் தேர்வில், அவர்கள் "உக்காருங்க" என்று சொல்வதற்குள் என் சான்றிதழ்களை மேசை மேல் பரப்பிவிட்டேன். மும்மூன்று நகல்.

பேனா பச்சைக் கோப்பில், ஒரு கண்ணாடித்தாள் உறைக்குள், 'சாவடியிலிருந்து பெற்றது, திருப்ப வேண்டியது' என்று எழுதி ஒட்டிய சீட்டோடு இருக்கிறது. சட்டைப்பையில் பேனா இல்லாத ஒரு இளம் அதிகாரியை நீங்கள் எங்காவது பார்த்தால் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் கேட்க வேண்டும் என்பதில்லை. நாங்களே கொண்டுவந்து காட்டுகிறோம்.