விழுந்தவர் பக்கத்து இடம்

பாய்ச்சல் நாடு என்று ஒரு நாடு. எந்த வரைபடத்திலும் கிடையாது, தேடி அலையாதீர்கள் கண்ணுகளா.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தெருவில் யாராவது விழுந்துவிட்டால், முதலில் பார்த்தவர் பக்கத்தில் உட்கார்ந்து தலைக்கு மடி கொடுக்க வேண்டும். விழுந்தவர் எழுந்திருக்கும்வரை, எழாவிட்டால் மூச்சு அடங்கும்வரை, கூட இருக்க வேண்டும். சட்டம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் யாரும் மீறியதில்லை. மோர் விற்கும் செங்கமலத்துக்கு அதுதான் சாமி, பூசை எல்லாம். அவள் அம்மா சந்தையில் விழுந்தபோது, பேர்கூடத் தெரியாத ஒருத்தி கடைசிவரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

புதிதாகப் பட்டத்துக்கு வந்த அரசருக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. அண்டை நாடு நம்மை முந்திவிட்டால்? உடனே ஆணை போட்டார்: தெருவில் எவரும் நிற்கக் கூடாது, ஓட வேண்டும். ஓடினார்கள். பிள்ளைக்குப் பால் கொடுப்பவளும் ஓடினாள். செங்கமலம் ஓடிக்கொண்டே ஊற்றிய மோரில் பாதி மண்ணுக்குப் போனது. தேர்தலும் ஓட்டத்திலேயே நடந்தது. இரண்டு பானை வைத்திருந்தார்கள்; ஓடுகிறபடியே புளியங்கொட்டையை எறிய வேண்டும். அரசரின் பானைக்கு அண்டா போல வாய். எதிராளியின் பானை மூடியிருந்தது. தூசு விழாமல் காக்கும் ஏற்பாடு என்று விளக்கம் தந்தார்கள்.

ஓடுகிற ஜனம் விழாமல் இருக்குமா? வழிநெடுக விழுந்தது. மகாமந்திரி முரசறையச் சொன்னார்.

"நம் நாட்டில் இனி எவரும் விழுவதில்லை என்று அரசர் திருவுளம் கொண்டிருக்கிறார். ஆகவே தரையில் கிடப்போர் ஓய்வெடுப்போர் ஆவர். பகலில் ஓய்வு குற்றம். குற்றவாளியின் அருகே அமர்வது பெருங்குற்றம்."

செங்கமலத்தோடு மோர்ப்பானை சுமந்து ஓடும் பூவாயி மூச்சு வாங்கக் கேட்டாள்: "ஏண்டி, நான் விழுந்தா நீயாவது குந்துவியா?"

"உன் கனத்த என் மடி தாங்குமாடி? குந்துறேன், பேசாம ஓடு."

மறுநாளே ஒரு கிழட்டுக் கொத்தனார் அவள் கண்ணெதிரே விழுந்தார். செங்கமலம் பானையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். காவலன் வந்தான்.

"எந்திரிங்கம்மா. இங்க யாரும் விழலன்னு ஆணை இருக்கு."

"அப்ப என் மடியில கிடக்கிறது யாருப்பா?"

காவலன் வானத்தைப் பார்த்தான். ஓடிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி வேகம் குறைந்து, தயங்கி, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு இன்னொருவன். சாயங்காலத்துக்குள் சேதி அரண்மனைக்கே எட்டிவிட்டது.

மகாமந்திரி நேரில் வந்து கை கூப்பினார். "தாயே, உங்களைப் போன்றோரைத்தான் அரசர் தேடிக்கொண்டிருந்தார். துணையிருப்புத் துறை என ஒன்றைத் தொடங்குகிறோம். தலைமை தாங்கள்தான். முறைப்படி, திட்டப்படி, நாடெங்கும் உட்காரலாம்."

செங்கமலம் ஆசைக்காரி இல்லை. தான் ஒருத்தி ஒருவர் பக்கத்தில் உட்காரலாம், பதவி இருந்தால் ஊரையே உட்காரவைக்கலாமே என்று நினைத்தாள். நல்ல மனசுதான் அப்படி நினைக்கும். தலையாட்டினாள்.

பல்லக்கு வந்தது. உட்காரும் முறை பற்றி ஒரு கூட்டம். மடிக்குப் பதில் தலையணை ஆகுமா என்று ஒரு கூட்டம். அடுத்த கூட்டம் எப்போது என்று ஒரு கூட்டம். உட்கார மட்டும் யாருக்கும் இன்னும் அனுமதி வரவில்லை. அது வந்துவிடும், இந்த ஒரு கூட்டம் முடியட்டும் என்றே அவளுக்கு நாள் போயிற்று.

துறைக்குக் கட்டிய மண்டபத்தின் திறப்பு விழா நாள். பல்லக்கு விரைந்துகொண்டிருந்தபோது தூக்கிகளில் ஒருவன் குரல் கொடுத்தான்.

"அம்மா, யாரோ விழுந்து கிடக்காங்க. நிறுத்தட்டுங்களா?"

திரையை விலக்கினாள். உடைந்த மோர்ப்பானை. பக்கத்தில் பூவாயி. அவள் கண் திறந்துதான் இருந்தது. செங்கமலத்தைக் கண்டதும் முகம் தெளிந்தது. வலது கையால் மண்ணைத் தட்டி இடம் காட்டினாள்.

மண்டபத்தில் அரசர் காத்திருந்தார். இன்றைக்கு அனுமதியில் முத்திரை வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

"கூட்டம் முடிஞ்சதும் வந்துடறேன்டி" என்றாள் செங்கமலம்.

விழாவில் அவள் பேசியதைக் கேட்டு நின்ற இடத்திலேயே ஓடியபடி ஜனங்கள் அழுதார்கள். அரசரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முத்திரை அடுத்த விழாவில் என்றார்.

பல்லக்குக்குக் காத்திராமல் திரும்பி ஓடினாள். தெருவைக் கூட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். மோர் சிந்திய ஈரம் மட்டும் காயாமல் இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து மடியை விரித்து வைத்தாள்.

"யாருமே இல்லியேம்மா, எந்திரிங்க" என்றான் அதே காவலன். எழத்தான் பார்த்தாள். கால் கேட்கவில்லை. அப்படியே சரிந்தாள். ஓடுகிறவர்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

வெயில் சாயும்போது ஒரு பல்லக்கு வந்தது. அன்று கொத்தனார் பக்கத்தில் அவளோடு உட்கார்ந்தவன் அதில் இருந்தான். அவள் விழாவை விட்டு ஓடியதுமே துறைக்கு அவனைத் தலைவனாக்கியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் அவன் கண் கலங்கியது. செங்கமலம் கையை நகர்த்தி மண்ணைத் தட்டினாள்.

"கூட்டம் முடிஞ்சதும் வந்துடறேம்மா" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும்.