ஷெல் மாண்டு மீண்ட படலம்

விசைப்பலகை அதிர விரலோட்டும் வித்தகி, கருந்திரை கண்டு கலங்காக் கண்ணினள், கடவுச்சொல் எதனையும் காகிதத்தில் எழுதிவையாத நெஞ்சுரத்தாள், தேவிகா வாழ்க. அவள் கீர்த்தி பாடப் புகுந்த எம் நாவில், கரண்ட்டுக்கும் யூபிஎஸ்ஸுக்கும் அதிதேவதை எவரோ அவர் எழுந்தருள்க. பாடி முடியுமட்டும் மின்வெட்டு வாராமல் காத்தருள்க.

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி, பதனிட்ட தோலின் மணம் மதில் தாண்டிக் கமழும் காலணித் தொழிற்சாலை ஒன்றில், ஏசியின் குளிரன்றி வேறு செல்வமில்லாத கணினி அறையைத் தன்சீல் அகமது என்னும் தோழனோடு சேர்ந்து ஆண்டுவந்தாள் அவள். அவ்வறையின் ஆளுகைக்குள் தொன்மையான நிரல் ஒன்று இருந்தது. காலணிப் பெட்டிகளின்மேல் ஒட்டும் லேபிள்களை அச்சிடுவது அதன் ஒரே தொழில். அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். புதிய மென்பொருள் எது பக்கத்தில் வந்து அமர்ந்தாலும் அது முகம் திருப்பிக்கொண்டு படுத்துவிடும்; இணையக் காற்று பட்டாலோ கேட்கவே வேண்டாம். ஆதலின் தேவிகா சென்ற மாதம் சர்வருக்குள்ளேயே, வேலூர்க் கோட்டையை அகழி சூழ்ந்தாற்போல் நாற்புறமும் தனிமை சூழ்ந்த ஓர் அரண் சமைத்து, அந்த நிரலை அதனுள் குடிவைத்தாள். அவ்வகை அரணுக்குக் கணினியோர் இட்ட பெயர் கன்டெய்னர். அரணின் வாயிலில் நின்று, நிரலை எழுப்புவது முதலாகச் சொன்ன கட்டளையெல்லாம் செய்துமுடிக்கும் கருந்திரைச் சேவகனுக்கு அவர்கள் இட்ட பெயர் ஷெல்.

அன்றே இதை எதிர்த்தவர் ஒருவர் உண்டு. ஏற்றுமதிப் பிரிவின் தலைவர், தம் பணிக்காலம் முழுதும் ஒரு கப்பலையும் தவறவிடாத பெருமையர், மஹபூப் பாஷா.

"நல்லா ஓடிட்டிருக்கிறத எதுக்குமா பெட்டில போட்டுப் பூட்டுற?" என்றார் அவர்.

"இனிமே இது படுக்காது சார். நான் கேரண்டி," என்றாள் நம் தலைவி. அவையோர் கேட்க உரைத்த வஞ்சினம் அது.

ஒரு மாதம் வஞ்சினம் நின்றது. பின்னர் வந்தது அந்த வெள்ளிக்கிழமை. ஜெர்மனிப் பெண்டிர் பனிக்காலத்தில் அணியவிருந்த பூட்ஸ்கள் அட்டைப்பெட்டிகளில் அடங்கி மலைமலையாய்க் குவிந்திருக்க, வேதாசலம் என்னும் சாரதி ஓட்டிவந்த நெடிய லாரி, இரும்புக் கதவுகளை அகலத் திறந்து, பசித்த பூதம்போல் வாசலில் நின்றது. உணவு வேளையில் கரண்ட் ஒருமுறை போய் வந்தது. சர்வரும் ஒருமுறை நின்று எழுந்தது. அதன்பின் ஒரு லேபிளும் வரவில்லை. லேபிள் இன்றிப் பெட்டி ஏறாது. பெட்டி ஏறாமல் லாரி நகராது. லாரி துறைமுகம் சேராவிட்டால் கப்பல் நில்லாது. சர்வருக்குள் ஒரு கன்டெய்னர் திறக்காததால் வாசலில் இன்னொரு கன்டெய்னர் மூடப்படாமல் நின்றது.

தேவிகா ஷெல்லை அழைத்தாள். அவன் எழுந்தான், எழுந்தவன் ஒரு சொல்லும் கேளாமல், 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்னும் ஒற்றை வரி மரண ஓலையைத் திரையில் உதிர்த்துவிட்டு மாண்டான். மீண்டும் அழைத்தாள், மீண்டும் மாண்டான். கணை தொடாமல், காயம் படாமல், போர்க்களம் காணுமுன்னே வாயிலிலேயே விழுந்து விழுந்து மடியும் வீரனை எந்தக் களத்தில் எவர் கண்டார்?

கரண்ட் போனதால் வந்த கேடென்றே அவள் முதலில் எண்ணினாள். ஆகவே கணினிக் குலத்தார் அனைவரும் கைக்கொள்ளும் ஆதி அஸ்திரத்தை எய்தாள்: ஆஃப் செய்து ஆன் செய்தாள். பயனில்லை. நினைவகம் நிறைந்ததோ என்று துழாவினாள். நினைவகம் கோடைப் பாலாறுபோல் காலியாய்க் கிடந்தது. இறுதியில், சேமித்து வைத்திருந்த மூலப்பிரதியிலிருந்து, செங்கல் ஒன்றும் பழுதுபடாப் புத்தம்புது அரண் ஒன்றையே எழுப்பினாள். பழைய அரணின் அமைப்புக் கோப்புகளை அதனுள் கொண்டுவைத்து ஷெல்லை அழைத்தாள். அவன் அங்கும் மாண்டான்.

மஹபூப் பாஷா அறைக்குள் வந்தார். நாற்காலி இருந்தும் அமரவில்லை.

"இன்னாமா, உன் பெட்டி தொறக்குதா இல்லியா?"

"பாக்கறேன் சார்."

"பாத்துக்கினே இருக்க. வேதாசலம் சும்மா சும்மா போன் பண்றான். ஸ்ரீபெரும்புதூர்ல ட்ராஃபிக் ஜாஸ்தியாயிடும், பேஜாரா பூடும்ன்றான். லோடிங் ஆளுங்க அத்தன பேரும் சும்மா குந்தினு இருக்காங்க." சற்று நிறுத்தி, குரல் தாழ்த்திச் சொன்னார்: "நான் இதுவரிக்கும் கப்பல வுட்டதில்லமா."

அந்தக் கடைசிச் சொல் தைத்ததுபோல் வேறெந்த அம்பும் அவளைத் தைக்கவில்லை. அவர் வைதிருந்தால் தாங்கியிருப்பாள். தான் கட்டிய அரணே ஒரு பெரியவரின் பெருமைக்குச் சிறையானதை எண்ணி அவள் காது மடல்கள் சிவந்தன.

அப்போதுதான், விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஷெல் சாவதை வெறுமனே பார்த்தாள். பார்த்தவள் ஒன்றைக் கண்டாள். அவன் உடனே சாகவில்லை. எழுந்தபின் மூச்சு வாங்கினான். சர்வரின் விசிறி சூறைக்காற்றாய்ச் சுழன்றது. அதற்குப் பிறகே விழுந்தான். எதுவோ இல்லாமையால் இறப்பவன் இப்படி மூச்சு வாங்கமாட்டான். எதையோ ஓயாமல் செய்து களைத்தே இவன் இறக்கிறான். புது அரணிலும் அதையே செய்கிறான் என்றால், அதைச் செய்யச் சொல்வது பழைய அரணிலிருந்து தன் கையாலேயே தூக்கி வந்த கோப்புகளில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும்.

ஷெல் கண்விழித்ததும் முதற்கண் ஓதவேண்டிய குறிப்பு ஒன்று அக்கோப்புகளில் உண்டு. 'அந்தக் குறிப்பைப் படியாமல் எழுக' என்று ஆணையிட்டாள் தேவிகா.

அவன் எழுந்தான். விழவில்லை. இருண்ட திரையில் கர்சர் விடிவெள்ளிபோல் மினுக் மினுக்கென்று நின்றது. பாஷா மெல்ல நாற்காலியில் அமர்ந்தார்.

குறிப்பைத் திறந்தாள். நடுவே புதிதாய் இரண்டு வரிகள். அந்நேரம் பார்த்து, பேக்கிங் பிரிவில் பழுதான ஸ்கேனரோடு மல்லாடிவிட்டுத் தன்சீல் அகமது உள்ளே நுழைந்தான்.

"தன்சீல், இந்த ரெண்டு வரி நீ போட்டதா?"

"ஆமா, நேத்து சாயங்காலம். ஒரு ஃபோல்டருக்குள்ள போனா, உள்ள இருக்கிறதும் தானா தெரியட்டும்னு போட்டேன். உனக்கும் வேலை கம்மியாவும்ல. ஏன், நல்லா இல்லியா?"

"ரொம்ப நல்லாருக்கு. அதுக்கு நீ வெச்ச பேரப் பாரு."

குனிந்து பார்த்த தன்சீலின் முகம் மெல்ல மெல்ல மாறியது. ஃபோல்டருக்குள் 'போ' என்பதற்கு ஷெல்லிடம் பிறவியிலேயே ஒரு சொல் உண்டு. தன்சீல் அதே சொல்லுக்குப் புதுப்பொருள் எழுதியிருந்தான்: 'முதலில் போ, பின் அங்கிருப்பதைக் காட்டு.' நேற்றே எழுதியதாயினும், கரண்ட் போய் வந்து ஷெல் மீண்டும் கண்விழித்தபோதுதான் அது அவன் கண்ணில் பட்டது. ஆகவே குறிப்பின் கடைசி வரி, லேபிள் நிரலின் ஃபோல்டருக்குள் 'போ' என்றதும் ஷெல் புதுப்பொருளைப் பார்ப்பான். அது 'முதலில் போ' என்னும். அந்தப் 'போ'வுக்குப் பொருளென்ன என்று மறுபடி பார்ப்பான். அதுவும் 'முதலில் போ' என்னும். இவ்வாறு ஓர் அடியும் எடுத்துவையாமல், தன்னைத்தானே ஏவி ஏவி, ஏவலின் பாரம் தாங்காமல் மாண்டுபோவான் அந்தக் கடமை வீரன்.

"யா அல்லா," என்றான் தன்சீல் தணிந்த குரலில். "அது அதையே கூப்ட்டுக்குது."

"கூப்ட்டுக்கினே செத்துப்போவுது," என்றாள் தேவிகா. சொல்லிமுடிக்குமுன் சிரிப்பு வந்துவிட்டது. தன்சீலும் சிரித்தான். பாஷா மட்டும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நோயறிந்தும் போர் முடியவில்லை. அரணின் கனம் குறைக்கவென்று, கோப்பைத் திருத்தும் மென்பொருள் ஒன்றையும் அவள் உள்ளே வைத்திருக்கவில்லை. ஆயினும் அஞ்சினாளல்லள். ஒற்றை வரிக் கட்டளை ஒன்றை நாண்பூட்டி, தன்சீல் எழுத்தெழுத்தாய்ச் சரிபார்க்க, 'பிறவிப் பொருளையே கொள்க' எனப் பணிக்கும் ஒரே ஒரு சொல்லை அந்தப் 'போ'வின் முன் கொண்டு செருகினாள். பிறகு, குறிப்பை முழுதும் படித்தே எழுமாறு ஷெல்லை அழைத்தாள்.

அவன் எழுந்தான், படித்தான், போனான், அங்கிருந்ததைக் காட்டினான். தன்சீல் ஆசைப்பட்டபடியே காட்டினான். கீழ்த்தளத்தில் லேபிள் பிரிண்டர் போர்முரசாய்ப் படபடத்தது.

"இன்னாதான் ஆச்சு?" என்றார் பாஷா.

"ஒரு வார்த்தை வுட்டுப்போச்சு சார். போட்டாச்சு."

"அத வுட்டது நான்தான் சார்," என்றான் தன்சீல்.

"யார் வுட்டா இன்னா. ஸ்டிக்கர் வருதில்ல?" என்றபடி பாஷா எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார். "அந்தப் பெட்டி இருக்கட்டும்மா. நல்லாத்தான் இருக்குது."

பெட்டிகள் ஏறின. இரும்புக் கதவுகள் இடியென மூடின. வேதாசலம் ஹாரனைச் சங்கென முழக்க, நெடுஞ்சாலைப் புழுதி பொற்சுண்ணமாய் எழ, லாரி கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. மாண்டவனை மீட்ட மாதரசி, ஒரு சொல்லால் ஒரு கப்பலை நிறைத்த தேவிகா, வெண்கொற்றக்குடை நிழற்ற, இருமருங்கும் கவரி வீச, தோல் தைப்போரும் பசை தடவுவோரும் லேஸ் கோப்போரும் திரண்டு வாழ்த்தொலி எழுப்ப, பட்டத்து யானைமேல் ஆம்பூர் வீதியெல்லாம் உலா வந்திருக்கவேண்டும்.

பேரணாம்பட்டு பஸ்ஸில் உட்கார இடமில்லை, நின்றுகொண்டே போனாள்.